அறுபத்து நான்காம் பக்கம்

ஆடி மாதத்து மூன்றாவது செவ்வாய்க்கிழமை, பகல் பதினொரு மணிக்கு, தையல்காரி ஜெபராணியின் இடது கன்னத்தில் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்து அறை விழுந்தது. மெஷின் பலகையில் புத்தகத்தை விரித்து, கத்தரிக்கோலைப் பாரமாக வைத்து, ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்தபடி அவள் படித்துக்கொண்டிருந்தாள். கதையில் எஸ்டேட் முதலாளி, தன்னைக் கேட்காமல் தோழி வீட்டுக்குப் போய்வந்த கதாநாயகியைப் பளாரென்று அறைந்தான். இங்கே ஜெபராணியின் தலை வலப்பக்கம் திரும்பியது. ஐந்து விரலும் சிவந்து எழும்பின. அவள் கொக்கியைத் தைத்து முடித்தாள், நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள், புத்தகத்தை எடுத்துக்கொண்டு தெரு முனையிலிருந்த சுடலைவடிவின் வாடகை நூல் நிலையத்துக்கு வந்தாள்.

“அக்கா, உங்க புத்தகம் அடிக்குக்கா.”

வடிவு கன்னத்தைப் பார்த்தாள், புத்தகத்தின் அட்டையைப் பார்த்தாள். “எத்தனாவது பக்கம்?”

“நூத்திப் பன்னெண்டு.”

“ஆமா, அதுல அறைவான். இன்னும் ஆறு பக்கம் பொறுத்துக்கோ, அவளைத் தேடி மழையில நனைஞ்சுக்கிட்டு வருவான்.”

“அதுக்குத்தான படிக்கேன்” என்றாள் ஜெபராணி. அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து மிச்சத்தைப் படித்தாள். கடைசிப் பக்கத்தில் முற்றும் என்ற எழுத்தை அவள் கண் தொட்டதும் விரல்தடம் ஒவ்வொன்றாக அடங்கி, கன்னம் பழையபடி ஆனது. அவள் அடுத்த புத்தகம் கேட்டாள்.

பனையடிப்பட்டியில் இப்படித்தான் அது ஆரம்பித்தது.

வடிவு எட்டாம் வகுப்பு முழுப்பரீட்சை எழுதவில்லை. அந்த வாரம்தான் அவள் அம்மாவுக்கு ஆறாவது பிரசவம், வீட்டில் சோறு பொங்க ஆள் இல்லை என்று நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியதை அவள் நாற்பத்தெட்டு வயதிலும் மறக்கவில்லை. ஆனால் கடையில் இருந்த இரண்டாயிரம் காதல் நாவல்களையும் படித்திருந்தாள், எதையும் நோட்டில் எழுதி வைக்கவில்லை, எல்லாம் தலைக்குள் இருந்தது. யார் படியேறி வந்தாலும் முகத்தைப் பார்த்து எடுத்துக் கொடுப்பாள். தீப்பெட்டி ஆபீஸ் பிள்ளைகளுக்கு மலைப் பங்களாவும் பனியும் உள்ள கதை. ஆஸ்பத்திரி நர்சுக்கு ஒருத்தருக்கும் காய்ச்சல்கூட வராத கதை. பள்ளிக்கூடத்து டீச்சருக்குப் பழுப்புத் தாளில் அட்டை போட்ட, முதலிரவு நாலு அத்தியாயம் ஓடுகிற கதை. மாமியார் தொல்லை தாங்காதவளுக்குக் கதாநாயகன் அனாதையாக இருக்கிற கதை. புருஷன் வெளிநாட்டில் இருக்கிறவளுக்குப் பிரிந்தவர்கள் சேருகிற கதை. புருஷன் ஊரிலேயே இருக்கிறவளுக்குச் சேர்ந்தவர்கள் பிரிந்து நிம்மதியாக இருந்து, வேறு வழியில்லாமல் மறுபடி சேருகிற கதை. கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லுவாள். பெரும்பாலும் அது ஒரே வார்த்தைதான். “கோவக்காரன். ஆனா உள்ளுக்குள்ள பாசம் கிடக்கும். முன்னால கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கோ.”

இருபது வருஷமாக இதைச் சொல்லித்தான் அவள் கடை ஓடியது.

ஜெபராணிக்கு அடுத்த நாள் நர்சுக்கு விழுந்தது, நாற்பதாம் பக்கம். அதற்கு அடுத்த நாள் தீப்பெட்டி ஆபீஸில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மூன்று பேருக்கு, மூவரும் ஒரே புத்தகத்தை எட்டிப் படித்ததால், ஒரே நேரத்தில் விழுந்தது. பால் சொசைட்டி செயலாளர், பொண்டாட்டி என்னதான் படிக்கிறாள் என்று வேவு பார்க்கப் புத்தகத்தைப் புரட்டி, எழுபத்தோராம் பக்கத்தில் வாங்கிக்கொண்டு, ஆடி வெயிலில் தலைக்கு மப்ளர் சுற்றி நடந்தார். அவரை ஒருத்தரும் எத்தனாவது பக்கம் என்று கேட்கவில்லை. பெண்களை எல்லோரும் கேட்டார்கள்.

ஊர் இதற்கு எத்தனை சீக்கிரம் பழகியது என்பதை நினைத்தால் இப்போதும் வடிவுக்கு வயிறு எரியும். ஃபேன்சி ஸ்டோரில் இடது கன்னத்துக்கு என்று தனியாக ஒரு பவுடர் வந்தது, ஒரு வாரத்தில் விற்றுத் தீர்ந்தது. கோயில் கொடைத் திருவிழாக் கமிட்டி கூடி, காப்புக் கட்டியபின் மூன்று அறைக்கு மேல் உள்ள புத்தகத்தை யாரும் படிக்கக்கூடாது என்று முடிவெடுத்து மைக்கில் சொன்னது. பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணின் கன்னத்தில் தடம் இருந்தால், படிக்கிற பிள்ளை போல என்று திருப்தியாகக் காபி குடித்தார்கள். டீக்கடையில், நமக்குக் கை நோகுற வேலை மிச்சம் என்று ஒருத்தன் சொல்ல, மற்றவர்கள் கிளாஸை வைத்துவிட்டுச் சிரித்தார்கள். கன்னம் சிவந்த பெண்கள் யாரும் படிப்பதை நிறுத்தவில்லை. “ஒரு அறை இருக்கதாக் குடுங்கக்கா, நாளைக்கு ஒரு விசேஷத்துக்குப் போகணும்” என்றும், “ரெண்டு இருந்தாலும் பரவாயில்ல, ஆனா கடைசில அவன் கால்ல விழணும்” என்றும் கேட்டு வாங்கிப்போனார்கள்.

பிறகு, சொல்லவே கூடாத ஒன்று சத்தமில்லாமல் உள்ளே வந்து உட்கார்ந்தது. முன்பெல்லாம் கன்னம் வீங்கிய பெண், நிலைப்படியில் இடித்துக்கொண்டேன், பாத்ரூமில் வழுக்கிவிட்டேன் என்று எதையாவது யோசித்துச் சொல்லவேண்டியிருந்தது. கேட்டவர்களும் நம்பிய மாதிரி ஒரு முகம் வைத்துக்கொள்ளவேண்டியிருந்தது. இப்போது அந்தச் சிரமமெல்லாம் இல்லை. புத்தகம் என்றால் போதும். வடக்குத் தெருவிலிருந்து ஒருத்தி, கன்னமும் உதடும் கிழிந்து மகளிர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனபோது, ஏட்டம்மா தலையை நிமிர்த்தாமல் கேட்டாளாம், “எந்தப் புத்தகம்மா?” அவள் புத்தகம் இல்லை என்று சொல்லியிருக்கிறாள். “பாதியில வச்சிருப்ப. கதையை முடிச்சிட்டு வா, போயிரும்” என்று ஏட்டம்மா அனுப்பிவிட்டாள்.

இதைக் கேட்ட அன்று வடிவு கடையை மதியத்தோடு அடைத்தாள். கோபம் வந்தது, யார் மேல் என்று பிடிபடாமல், பருப்பு வேகவில்லை என்று அடுப்பின் மேல் பட்டது. அன்றிலிருந்து கடையில் உள்ள எல்லாப் புத்தகத்தையும் முதலிலிருந்து எடுத்து, இந்த முறை கதைக்காக இல்லாமல் கைக்காகப் படித்தாள். யார் கை, எப்போது ஓங்குகிறது, எதற்கு. ஆவணி போனது, புரட்டாசி போனது, ஐப்பசி மழை வந்தது. அவள் இடது கன்னம் மூன்று மாதமும் மிளகாய்ப்பழ நிறத்திலேயே இருந்தது, காது கொஞ்சம் மந்தமானது. இரண்டாயிரம் புத்தகத்தில் அடி இல்லாதவை நாற்பத்து மூன்று. அவை வாய்க்கால் பக்கத்துச் சுவரில், கடைசித் தட்டில், ஈரம் பிடித்துக் கிடந்தன. எடுத்துப் போனவர்களெல்லாம் உப்பில்லை என்று திருப்பிக் கொடுத்தவை. சப்பென்று இருக்கிறது என்று வடிவே வாய்விட்டுச் சொன்னவை.

அந்தத் தட்டிலிருந்துதான் மகள் சுகந்திக்கு எப்போதும், மற்றவர்களுக்கு அவ்வப்போதும் எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தாள்.

சுகந்தியை உள்ளூரிலேயே, மேலத் தெரு மகாராஜனுக்குக் கொடுத்து இரண்டு வருஷம். அவனைத் தேடிப் பிடித்தது வடிவுதான். பெண் பார்க்க வந்த அன்று அவன் சிரிக்கவில்லை. கேசரியைத் தொடவில்லை. தன் பைக்குக்குக் குறுக்கே வேனை நிறுத்தினான் என்று அதன் டிரைவரைத் தெருவில் வைத்து ஒரு பிடி பிடித்தான். சுகந்தி அடுப்படியில், “எனக்குப் பயமா இருக்கும்மா” என்றாள். வடிவு அவளுக்குப் பூ வைத்துவிட்டபடி சொன்னாள், “கோவக்காரன்தான். உள்ளுக்குள்ள பாசம் கிடக்கும். முன்னால கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கோ.” ஆயிரம் பேருக்குச் சொன்ன வார்த்தை அது. மற்றவர்களாலாவது புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க முடிந்தது.

கார்த்திகை முதல் வாரம் சுகந்தி கடைக்கு வந்தாள். மழைக்கு முந்தானையைத் தலையில் போட்டிருந்தாள், உள்ளே வந்தும் எடுக்கவில்லை. நீல அட்டைப் புத்தகத்தை மேஜையில் வைத்தாள். வடிவு எழுந்துபோய் முந்தானையை விலக்கினாள். இடது கன்னத்தில் நாலு விரல், கண்ணுக்குக் கீழே மோதிரம் பட்ட கீறல்.

“எத்தனாவது பக்கம்?”

“அறுபத்தி நாலு” என்றாள் சுகந்தி, மழையைப் பார்த்தபடி.

அந்த நீலப் புத்தகம் ரேடியோ ரிப்பேர் பார்க்கிற ஒருத்தனையும், கண் தெரியாத அப்பாவோடு இருக்கிற ஒருத்தியையும் பற்றியது. நூற்று நாற்பத்து நாலு பக்கத்திலும் அவன் குரலை உயர்த்திப் பேசியதுகூடக் கிடையாது.

“அறுபத்தி நாலாம் பக்கத்துல அவன் ரேஷன் கடையில மண்ணெண்ணெய்க்கு வரிசையில நிக்கான்ளா. கையில கேன் இருக்கு.”

“அப்ப வேற பக்கமா இருக்கும்.”

“வேற எந்தப் பக்கமும் இல்ல. அந்தப் புத்தகத்துலயே இல்ல. இல்லைன்னு தெரிஞ்சுதான் உனக்குக் குடுத்தேன்.”

சுகந்தி ஸ்டூலில் உட்கார்ந்தாள். “யம்மா, விடு. ஊரே புத்தகம்னுதான் சொல்லுது. எனக்கும் அது வசதியாத்தான் இருக்கு. நீ அதையும் பிடுங்காத.”

“எவ்வளவு நாளா?”

“கல்யாணமாகி மூணாம் மாசத்துல இருந்து. அப்ப நிலைப்படின்னு சொன்னேன், நீயும் கேட்டுக்கிட்ட.”

வடிவுக்கு நினைவிருந்தது. நிலைப்படி என்று மகள் சொன்னதும், பார்த்து நட என்று அவள் சொன்னதும் நினைவிருந்தது. அவள் மூன்று மாதமாகத் தேடிக்கொண்டிருந்த கோபத்தின் முகவரி அப்போது கிடைத்தது. அதில் முதல் பெயர் அவளுடையதாக இருந்தது. அவள் செருப்பு போடவில்லை, கடையைப் பூட்டவில்லை. நீலப் புத்தகத்தை எடுத்தாள், மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள், மழையில் இறங்கினாள்.

மேலத் தெருவில் மகாராஜன் வீட்டில் அவனும் அவன் அம்மா பூரணமும் இருந்தார்கள். காலைப் பலகாரம் முடிந்து பூரணம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“எம் மகளை யார் அடிச்சது?”

“இது என்ன கேள்வி மதினி” என்றாள் பூரணம். “உங்க புத்தகம், உங்க கையால நீங்க குடுத்தது. எங்க வீட்டுல வந்து கேக்கீக.”

மகாராஜன் நாற்காலியிலிருந்து எழவில்லை. “அத்தை, ஊருல பாதிப் பேருக்கு அடி வாங்கிக் குடுக்கது நீங்கதான். நியாயமாப் பாத்தா உங்க மேலதான் கேஸ் போடணும்.”

பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். எதிர்வீட்டில் தைக்கக் கொடுத்த துணிக்கு அளவெடுக்க வந்திருந்த ஜெபராணியும் டேப்பைக் கழுத்தில் போட்டபடி வந்து நின்றாள். அவன் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் வடிவை அசையவிடாமல் ஒரு நிமிஷம் நிறுத்தியது. பிறகு அவள் ஈரச் சேலையோடு கூடத்தின் நடுவில், டியூப் லைட்டுக்கு நேர் கீழே உட்கார்ந்தாள்.

“இந்தா, இதுதான அந்தப் புத்தகம். நான் படிக்கேன். முதல் வரியில இருந்து கடைசி வரி வரைக்கும், சத்தமாப் படிக்கேன். எல்லாரும் என் கன்னத்தைப் பாத்துக்கிட்டே இருங்க. எந்தப் பக்கத்துல சிவக்குதோ அந்தப் பக்கத்தை மருமவன் கையில குடுத்துட்டு, மன்னிப்புக் கேட்டுட்டுப் போறேன்.”

காலை பத்தரைக்கு அவள் ஆரம்பித்தாள். எட்டாம் வகுப்போடு நின்றுபோன குரல். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தையும் அழுத்திப் படித்தாள், பக்க எண்ணையும் சேர்த்துப் படித்தாள். ரேடியோக்காரன் வந்தான், கெட்டுப்போன ரேடியோவைத் திறந்தான், உள்ளே பல்லி முட்டை இருந்தது. கண் தெரியாத அப்பா அவனுக்கு மோர் கொடுக்கச் சொன்னார். பத்தாம் பக்கம், கன்னம் சும்மா இருந்தது. இருபதாம் பக்கம், சும்மா இருந்தது. கூடம் நிறைந்து, வாசல் நிறைந்து, ஜன்னல் கம்பிகளுக்கிடையே முகங்கள் வந்தன. தொண்டை கட்டியபோது ஜெபராணி புத்தகத்தை வாங்கி அஞ்சு பக்கம் படித்தாள், அவள் கன்னத்தையும் எல்லோரும் பார்த்தார்கள். பிறகு நர்சு, பிறகு தீப்பெட்டி ஆபீஸ் பிள்ளை, பிறகு மறுபடி வடிவு.

அறுபத்து மூன்றாம் பக்கம் முடிந்ததும் மகாராஜன் நாற்காலியை இழுத்து முன்னால் போட்டான். அறுபத்து நாலாம் பக்கத்தில் ரேடியோக்காரன் ரேஷன் கடை வரிசையில் நின்றான். முன்னால் பதினேழு பேர் நின்றார்கள். ஒரு கிழவர் மயங்கி விழ, கேனை வைத்துவிட்டு அவருக்குத் தண்ணீர் வாங்கப் போனான். திரும்பி வந்தபோது அவன் இடம் போயிருந்தது. கடைசியில் போய் நின்றான். அவ்வளவுதான். வடிவு அந்தப் பக்கத்தை மறுபடி ஒருமுறை படித்தாள், இன்னும் மெதுவாக. ஒரு ஈ அவள் கன்னத்தில் உட்கார்ந்து, எழுந்து போனது.

சோற்று வேளை வந்தது, யாரும் வீட்டுக்குப் போகவில்லை. பூரணம் உரித்த வெங்காயத்தை அப்படியே மடியில் வைத்திருந்தாள். தொண்ணூறாம் பக்கத்தில் அப்பா செத்துப்போனபோது மூக்கை உறிஞ்சினாள். “அவன் வருவானா மாட்டானா, அதைச் சொல்லுங்க மதினி” என்று தன்னை மறந்து கேட்டாள். வடிவு அடுத்த பக்கத்தை எடுத்தாள். அந்த அம்மா அழுத அழுகை அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. காகிதத்தில் இருக்கிற பெண்ணுக்கு வடிக்கிற கண்ணீர் அடுத்த அறையில் கிடந்தவளுக்கு ஏன் வரவில்லை? இருபது வருஷமாக நானும் அந்தக் காகிதத்துக்குத்தானே அழுதுகொண்டிருந்தேன்?

நாலரை மணிக்குக் கடைசி வரியைப் படித்து, தடத்தை அழிக்கிற முற்றும் என்ற எழுத்துக்கு முன்னால் நிறுத்தினாள். முகத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். வெயிலில் காய்ந்த, நாற்பத்தெட்டு வயதுக் கன்னம், ஒரு தடமும் இல்லாமல் இருந்தது.

சுகந்தி சுவரில் சாய்ந்து நின்றாள். எல்லோரும் இப்போது அவள் கன்னத்தைப் பார்த்தார்கள். காலையிலிருந்து அவர்கள் பார்க்காமல் இருந்தது அது ஒன்றைத்தான்.

“எங்கயாவது விட்டுப் படிச்சிருப்பீங்க” என்றான் மகாராஜன். “குடுங்க இங்க.”

புத்தகத்தை வாங்கி, எழுந்து நின்று, முதல் பக்கத்திலிருந்து விரலை வைத்துத் தேட ஆரம்பித்தான். பத்தாவது முடித்தபின் அவன் படித்த முதல் கதை அதுதான். வரி வரியாக விரல் நகர்ந்தது. ரேடியோ, பல்லி முட்டை, மோர். உதடு அசைந்தது, நெற்றி வியர்த்தது. ஊர் பார்த்துக்கொண்டிருக்க, அவன் அந்த நூற்று நாற்பத்து நாலு பக்கத்தில் ஒரே ஒரு அடிக்காகத் தேடினான்.

சுகந்தி உள்ளே போனாள். ஒரு பையில் இரண்டு சேலையையும் தன் படிப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு வந்தாள். அவனைக் கடந்து வாசலுக்கு வந்தபோது அவன் தலை நிமிராமல் கையை மட்டும் நீட்டி, “இரு, இங்கதான் எங்கயோ இருக்கும்” என்றான்.

“தேடுங்க” என்றாள் சுகந்தி. படியிறங்கினாள். பூரணம், “மதினி, நாலு பேரு முன்னால இப்படி” என்று ஆரம்பித்து, மடியிலிருந்த வெங்காயம் உருண்டதில் அதைப் பொறுக்கக் குனிந்துகொண்டாள்.

மழை விட்டிருந்தது. தாயும் மகளும் மேலத் தெருவில் நடந்தார்கள். மூன்றாவது வீட்டுப் பெண் ஓடிவந்து வடிவின் காதோரம், தாழ்ந்த குரலில் கேட்டாள், “யக்கா, போன வாரம் எனக்கு ஒரு டாக்டர் கதை குடுத்தீங்களே, அதுல உண்டுமா?”

கேட்ட மாதிரியே தாழ்ந்த குரலில் பதில் சொல்லியிருக்கலாம். வடிவு நடுத்தெருவில் நின்று, திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணின் புருஷனுக்கும், அவனைத் தாண்டி டீக்கடைக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள், “அந்த டாக்டர் கதையில அடி இல்ல.”

பேப்பர் கீழே இறங்கியது.

அடுத்த வீட்டில் ஒருத்தி பழுப்பு அட்டைப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினாள். “அதுல உண்டு, ரெண்டு தடவை, முப்பத்தாறும் தொண்ணூத்தெட்டும்” என்றாள் வடிவு. அவள் தலையாட்டி உள்ளே போனாள். இன்னொருத்தி புத்தகத்தின் பெயரை மட்டும் சொன்னாள். “இல்ல.” இன்னொருத்தி. “உண்டு, ஒண்ணு. ஆனா உனக்கு ரெண்டு கன்னத்துலயும் இருக்கு.” தெரு முழுக்க அவள் நின்று நின்று, உண்டு, இல்லை, உண்டு, இல்லை, இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே போனாள்; சொல்லச் சொல்ல அவள் குரல் தணியவில்லை, ஏறியது. ஜெபராணி டேப்பைக் கழுத்தில் போட்டபடி பின்னாலேயே வந்தாள், சுகந்தி பையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

தெருக்கோடியில் ஒரு கதவு ஒரு சாண் மட்டும் திறந்தது. வளையல் போட்ட கை ஒன்று புத்தகத்தை வெளியே நீட்டியது. முகம் தெரியவில்லை. உள்ளேயிருந்து ஒரு ஆண் குரல், யாரு அது, கதவைச் சாத்து என்றது.

வடிவு அட்டையைப் பார்த்தாள். வாய்க்கால் பக்கத்துத் தட்டிலிருந்து போனது.

“இதுல இல்ல தாயி” என்றாள்.

கை அப்படியே நின்றது. உள்ளே இருந்த குரல் மறுபடி கூப்பிட்டது. வடிவு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கதவுக்கு முன்னால், அதைச் சாத்தவிடாத மாதிரி உட்கார்ந்தாள். சுகந்தியும் பையை இறக்கி வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நீ வெளியே வா. நாங்க இங்கதான் இருக்கோம்.”